எந்தத் தப்பும் செய்யாத கணவர்

கணவர்களில் பல வகை உண்டு. குடிக்கிறவர், அடிக்கிறவர், கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கச் சுரங்கத்துக்கு ஓடிப்போகிறவர். இவர்களைக் கவனித்துக்கொள்ள நீதிமன்றமும் பாதிரியாரும் செய்தித்தாளும் இருப்பதால் நமக்கு வேலையில்லை. நான் உங்கள் முன் நிறுத்தப்போவது இவர்கள் எல்லாரையும்விட ஆபத்தான ஓர் இனம்: எந்தத் தப்பும் செய்யாத கணவர். சிட்னிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கோல்பர்ன் ஊரில் தெருவுக்கு நாலு பேர் தேறுவோம்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மனைவிக்கும் உங்களுக்கும் என்ன சண்டை என்று கேட்டுப் பாருங்கள். "நான் ஒண்ணுமே சொல்லலையே!" என்பார். பொய்யில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தால் சொல்லவில்லை, புதுத் தொப்பி போட்டால் சொல்லவில்லை, காய்ச்சலாகப் படுத்தால் எப்படியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் குடும்பம் நடத்தினார்.

நம்முடைய ஹொரேஸ் டட்டன் அந்த இனத்தின் அசல் மாதிரி. தீவனக் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஜூலை நடுக்குளிர்காலம்; அப்படியொரு காலையில், கொல்லைத் தொட்டியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்த அவர் மனைவி வின்னி, பாதி வழியில் வாளியை உறைபனி மேல் வைத்தாள். உள்ளே போனாள், பெட்டியைக் கட்டினாள், யாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள். ஹொரேஸ் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. விவாகரத்து வேண்டும் என்று நேராக வக்கீல் பர்ஸலிடம் போனார்.

எதற்கு விவாகரத்து? வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளவா? அவருக்கு அந்தத் துணிச்சல் ஏது! தன்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு நீதிபதி வாய் திறந்து சொல்ல வேண்டும், அதை ஊர் கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

"விட்டுட்டுப் போனதுக்கு விவாகரத்துன்னா மூணு வருஷம் காத்திருக்கணும். குறுக்கு வழி ஒண்ணு இருக்கு," என்றார் பர்ஸல். "என் மனைவி எனக்கு வேணும், வீட்டுக்கு அனுப்பி வையுங்கன்னு வழக்குப் போடுங்க. நீதிபதி உத்தரவு போடுவார். மூணு வாரத்துல அவங்க வரலேன்னா உடனே விடுதலை."

"வேண்டாம்கிறதுக்கு வேணும்னு கேக்கணுமா?"

"சட்டம் அப்படித்தான். ஆனா மனசாரக் கேட்டதா தெரியணும். வீடு அவங்களுக்காகத் தயாரா இருக்கணும். எதாவது வேணும்னு சொல்லிட்டிருந்தாங்களா?"

ஹொரேஸ் நெடுநேரம் யோசித்தார். "சமையலறைக்குள்ள ஒரு தண்ணிக்குழாய்."

"போட்டுடுங்க."

போட்டார். அதோடு நின்றாரா? உத்தரவு வருவதற்குள் சுவருக்கு வெள்ளையடித்தார், ஒழுகின கூரைத் தகரத்தை மாற்றினார், அவள் கடையில் பல தடவை காட்டின நீல நிறத் திரைத்துணியை வாங்கி மாட்டினார்.

பக்கத்து வீட்டு நூனன் அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, வீடு இப்படி மினுக்குது? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லம்மா. விவாகரத்து."

"அடப்பாவி! இதை முன்னாடியே செஞ்சிருந்தா விவாகரத்தே வேண்டியிருக்காதே!"

பொம்பளைக்குச் சட்டம் என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவர், வேலை எதுவும் இல்லாமலே குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்காதீர்கள். நம்மவருக்கு அந்த வீடு பிடித்துப்போய்விட்டது. நீதிபதி உத்தரவில் கொடுத்த மூன்று வாரக் கெடுவின் கடைசி வாரத்தில் யாஸ் ரயில் வரும் நேரமெல்லாம் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றார். அவள் வந்துவிடக் கூடாதே என்று பயந்தார். அவள் வராமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயந்தார்.

வின்னி வந்தாள். பெட்டியோடுதான் வந்தாள்.

சமையலறை வாசலில் நின்றவள் குழாயைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. தொப்பியைக் கழற்ற, அதைக் கொண்டையோடு பிடித்திருந்த ஊசியை உருவினாள். ஹொரேஸ் ஏதாவது சொல்ல வேண்டும். நல்லதாக ஒரே ஒரு வார்த்தை.

"ஹொரேஸ், இதெல்லாம் எனக்காகவா?" என்றாள் அவள்.

'எந்தத் தப்பும் செய்யாத கணவர்' இப்படியொரு கேள்விக்கு என்ன சொல்வார்? தன் பக்கத்துக்குச் சாட்சி கூப்பிடுவார்.

"என் பேர்ல குறை சொல்ல முடியாது, வின்னி. வேணும்னா பர்ஸலைக் கேட்டுப் பாரு. அவர் சொன்னது ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன்."

வின்னி ஊசியைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா நான் சொன்னேன், ஹொரேஸ். வக்கீல் சொன்னதும்தான் உன் காதுல விழுந்துதா?"

ஊசியைத் தொப்பியில் திரும்பக் குத்திக்கொண்டாள். சாயங்கால ரயிலில் போய்விட்டாள். "இரு" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சிட்னியில் வழக்கு சீக்கிரமே முடிந்தது. வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, இது விருந்தாளி வந்த மாதிரி, மனைவி திரும்பின மாதிரி அல்ல என்று பர்ஸல் வாதாடினார். நீதிபதி ஒப்புக்கொண்டார். வாயைத் திறந்து சொல்லியும்விட்டார்: கணவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. செய்தித்தாளிலும் அச்சாகி வந்தது. ஹொரேஸ் அதை மேஜைமேல் விரித்து, ஒருமுறை மனசுக்குள் படித்தார், ஒருமுறை உரக்கப் படித்தார். கேட்க வீட்டில் ஆளில்லை. ஜெயித்தவர் மூஞ்சியைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

பாவம் என்கிறீர்களா? சரி. ஆனால் ஒன்று கவனித்தேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மனசுக்குள் "நான் அப்படியில்லை, போன வாரம்கூட அவளுக்காக..." என்று ஆரம்பித்துவிட்டீர்கள். நல்லது, ஐயா. ஆனால் உங்கள்மேல் யார் வழக்குப் போட்டார்கள்?