எங்கள் வீட்டுத் தண்ணீர் கண்டம்

தச்சநல்லூர்,
திங்கட்கிழமை.

தென்காசி அத்தான் அவர்களுக்குத் திருஞானசம்பந்தம் அநேக நமஸ்காரம். நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்; அதைத் தாண்டி நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள். அதனால்தான் கடிதம்.

போன தை மாதம் உங்கள் ஊர் ஜோசியர், "உங்க வீட்ல ஒருத்தருக்குத் தண்ணியில கண்டம் இருக்கு, பாத்துக்கிடும்" என்றாரே, அன்றோடு என் தூக்கம் போயிற்று. எங்கள் வீட்டில் தண்ணீரில் இறங்குகிற ஒரே ஜீவன் உங்கள் மருமகள், என் மகள் விஜயஸ்ரீதான். குறுக்குத்துறையில் அவள் நீந்தினால் நான் துண்டும் கையுமாகப் படித்துறையில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். இப்போது ஆறு போதாதாம். நேற்று கூடங்குளம் பக்கத்துக் கடலில் ஐந்து கிலோமீட்டர் போட்டி. ஆளுக்கு ஒரு துணைப்படகு உண்டு. ஆனால் நீந்துகிறவர் படகைத் தொட்டால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். என்ன சட்டம் அத்தான் இது? படகோட்டி பாக்கியசீலனுக்குப் பக்கத்தில் நான் குடை பிடித்து உட்கார்ந்தேன். லைஃப் ஜாக்கெட் கழுத்தை அறுத்ததால் அதை இடுப்புக்கு அணையாக வைத்துக்கொண்டேன். பாதி தூரத்துல ஒரு காத்து வந்து குடையப் பிடுங்கிட்டுப் போயிட்டு. அலை ஒவ்வொண்ணும் மச்சு வீட்டு ஒசரம். பிள்ளை தலை தெரியுது, முங்குது, தெரியுது. எனக்கு உசுரே இல்ல. "ஏட்டி, போதும், படகைப் பிடிச்சுக்கோ!"ன்னு கத்துதேன். "யப்பா, பேசாம இரிங்க! தொட்டா அவுட்டாக்கிருவாவ!"ங்கா. பாக்கியசீலன் வேற, "அண்ணாச்சி, பைய உக்காருங்க, படகு ஆடுது"ங்கான். அப்பம் பாத்தா, அவளுக்குப் பின்னால கறுப்பா, அகலமா என்னமோ மிதந்து வருது அத்தான்! சுறாவோ திருக்கையோ, யாரு கண்டா?

சுருங்கச் சொன்னால், அவள் போட்டியை முடிக்கவில்லை. பாதியில் விலக்கிவிட்டார்கள். கடல் நம் பிள்ளைக்கு ஆகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அடுத்த மாதம் பத்து கிலோமீட்டராம். என் பேச்சு எடுபடாது. நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்திவிடுங்கள்.

அக்காவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். காந்திமதியம்மை உங்கள் குடும்பத்தைக் கரைமேலேயே வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
திருஞானசம்பந்தம்

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்த என் வீட்டுக்காரி பார்வதி, "நடந்ததையும் எழுதுங்க, இல்லேன்னா நான் போன் போட்டுச் சொல்லிருவேன்" என்கிறாள். கறுப்பாக மிதந்து வந்தது என் குடை. அதைக் கை காட்ட எழுந்து நின்றேன், கடலுக்குள் விழுந்தேன். அப்போது விஜயஸ்ரீ இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, என் தாடையைப் பிடித்து இழுத்துப் படகில் ஏற்றினாள். ஏற்றுவதற்குப் படகைத் தொட வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை அத்தான். கரை வரைக்கும் என் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அதனால் அவளிடம் நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். பத்து கிலோமீட்டர் போகட்டும். ஆனால் நான் நீந்தப் படித்தால்தான் இனிமேல் படகில் ஏற்றுவாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் முதல் பாடம். அந்தக் கண்டம் நேற்றோடு தீர்ந்ததா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று ஜோசியரிடம் கேட்டு, சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.