விடாக்கண்டர் வைத்திருந்த ஆட்கள்

எதையும் கைவிடத் தெரியாத மனிதர் ஒருவர் இந்த உலகத்தில் உண்டென்றால், அவர் டென்மார்க்கில், இக்காஸ்டில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கம்பி முறிந்த குடை, ஒற்றைக் கையுறை, எந்தப் பூட்டுக்கென்று தெரியாத திறப்பு எல்லாம் அவர் வீட்டில் பத்திரமாக இருக்கும். அது அவர் மனைவியின் தலையெழுத்து. என் தலையெழுத்து, நான் அவரோடு கூட்டுச் சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட அணியை நடத்தியது.

ஊரில் எல்லோருக்கும் அவர் விடாக்கண்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலையில் டேனிஷ் போர்மன்கூட 'விடா' என்றுதான் கூப்பிடுவார்.

அணி என்றதும் நாங்கள் அரைக் காற்சட்டை போட்டு ஓடினோம் என்று நினைத்துவிடாதீர்கள். படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆட்கள் நாங்கள். இது மெல்பேர்னில் இருக்கிற என் மச்சான், மனைவியின் தம்பி, இழுத்துவிட்ட வினை. ஆஸ்திரேலியாவில் தனி விதிகளோடு ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறது. பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். காலால் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், அடுத்தவன் தோளில் ஏறியும் பாயலாம். அந்த ஆட்டக்காரர்களை நாங்கள் போனில் பங்கு போட்டு, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வோம். அவர்கள் நிஜத்தில் நன்றாக ஆடினால் எங்களுக்குப் புள்ளி. பருவம் முடிந்ததும் சிலரை வைத்துக்கொள்ளலாம், சிலரை மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்ளலாம். யாரை வைப்பது, யாரைத் தள்ளுவது என்பதில்தான் முழுக் கெட்டித்தனமும் இருக்கிறது. மற்ற அணிகள் எல்லாம் மெல்பேர்ன் சொந்தக்காரருடையவை. ஐரோப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நானும் விடாக்கண்டரும் 'இக்காஸ்ட் தேங்காய்கள்' என்று ஒன்றை வைத்திருந்தோம். கடவுச்சொல் என்னிடம், பிடிவாதம் அவரிடம்.

வெள்ளைக்காரப் பெயர்கள் வாய்க்குள் வராததால் ஆட்டக்காரர்களுக்கு அவரே பெயர் வைத்தார். ஒருவன் நெட்டையன். பாய்ந்து பந்து பிடிப்பதில் சூரன், ஆனால் வயது ஏறி ஒருநாள் ஓய்வு பெற்றுவிட்டான். இனி இவனை விட்டுத்தானே ஆகவேண்டும் என்று நானும் சந்தோசமாகப் போய்ச் சொன்னேன்.

"அண்ணை, நெட்டையன் விளையாட்டை விட்டிட்டான். இனி ரீவியில கதைக்கப் போறானாம்."

"மைதானத்துக்குப் பக்கத்திலதானே நிக்கப்போறான்," என்றார் விடாக்கண்டர். "ஆள் காணாட்டி இறக்குவாங்கள்."

இறக்கவில்லை. ஓய்வு பெற்றவனை வைத்திருக்கக் கூடாது என்று மச்சான் சட்டம் எழுதவில்லை, அப்படியொரு பைத்தியம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க நெட்டையன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ரீவியில் கதைத்தான். நாங்கள் அவனிடம் புள்ளி எதிர்பார்த்துக்கொண்டு கடைசி இடத்தில் இருந்தோம்.

இன்னொருவன் முழங்கால். முதல் வருடம் காற்றாகப் பறந்தான். அடுத்த வருடம் முழங்காலில் ஒப்பரேசன். பிறகு ஆடிய ஆட்டங்களைவிட அவன் செய்துகொண்ட ஒப்பரேசன்கள்தான் அதிகம். இவனை மாற்றுவோம் என்று நான் வாய் திறந்தாலே விடாக்கண்டருக்கு ஒரே பதில்தான்: "காயம்தானே, மாறும்."

காயம் மாறிச் சுகப்படுவதற்காக எங்கள் கத்தோலிக்கக் கோயிலிலும் சொல்லிவைத்தார். ஞாயிறு பூசைக்கு முன் தன் டேனிஷில் சுவாமியாரிடம், ஆஸ்திரேலியாவில் எங்கள் ஆள் ஒருவருக்கு முழங்கால் சரியில்லை, மன்றாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த நல்ல மனுசனும் பூசையில் அறிவித்து மன்றாடினார். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது எங்கள் பெண்கள் விடாக்கண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆர் அந்த ஆள், எந்த ஊர், ஆற்ற மகன் என்று கேள்விக்குமேல் கேள்வி. தனக்கு நேரடிப் பழக்கமில்லை, என் பக்கத்தால்தான் தொடர்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் என் பக்கத்து ஆள் என்றால் யார்? என் மனைவி அந்த இடத்திலேயே அழத் தொடங்கினாள். தம்பிக்கு ஒப்பரேசன், நான் மறைத்துவிட்டேன் என்று முடிவுகட்டி, கார் தரிப்பிடத்தில் நின்றே மெல்பேர்னுக்குப் போன் எடுத்தாள். எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லை.

மச்சானுக்கும் அதோடு பொறுமை போய்விட்டது. வருகிற பருவத்திலும் தேங்காய்கள் கடைசியாக வந்தால் எங்களைத் தான் நடத்தும் இந்த லீக்கிலிருந்து வெட்டி, அந்த இடத்தைத் தன்னோடு வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பானாம். பாவம் பார்த்து ஒரு வழியும் சொன்னான். முழங்காலை அவனிடம் கொடுத்தால் குதிரையைத் தருவானாம். குதிரை என்பவன் நாள் முழுக்க ஓடினாலும் களைக்காத ஒருவன். முழங்கால் சுகப்பட்டால் லாபம் என்று மச்சானுக்கு ஒரு நப்பாசை. பருவம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமைதான் கடைசி நாள்.

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது விடாக்கண்டரிடம் விசயத்தைச் சொன்னேன். காலைச் சிப்டுக்கு நாங்கள் நாலு பேர் அவருடைய காரில்தான் போவோம். முன் சீற்றில் நான், பின்னால் மரியானும் மரியானின் தம்பியும்.

"குடுக்காட்டி எங்களை வெட்டிப்போடுவாங்கள் அண்ணை."

அவர் சந்தியில் காரைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "நீர் செய்யிறதெண்டால் செய்யும், தம்பி. ஆனா அவனுக்கு ஆர் சொல்லுறது?"

ஆர் சொல்லுறதாம்! இக்காஸ்டில் ஓர் அணியில் தான் இருப்பதே அந்த முழங்காலுக்குத் தெரியாது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கிழமையே குப்பை போட வெளியே இறங்கி, உறைபனியில் சறுக்கி, வலது தோளை முறித்துக்கொண்டேன். மாதக் கணக்கில் வேலை இல்லை என்றார் டாக்டர். தொழிற்சாலை பூங்கொத்து அனுப்பியது, என் மெசினில் புது ஆள் ஒருவரையும் போட்டது. நகரசபையிலிருந்து ஒரு பெண் அன்பாகப் போன் எடுத்து, வேறு வேலை ஏதாவது யோசித்தீர்களா என்று கேட்டாள். அவள் அவ்வளவு அன்பாகக் கேட்டதே எனக்கு நல்லதாகப் படவில்லை. ஐம்பது தாண்டிய, தோள் போன ஒருவனை யார் வைத்திருப்பார்கள்? எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. புது ஆளுக்குக் கார் இல்லை என்று கேள்விப்பட்டு, என் சீற்றை அவருக்குக் கொடுக்கும்படி விடாக்கண்டருக்கு நானே சொல்லியனுப்பினேன். கேட்கிறதுக்கு முன் நாமே கொடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சோபாவில் கிடந்தபடி இடது கையில் போனை எடுத்தேன். முழங்காலைக் கொடுத்துக் குதிரையை வாங்கும் பக்கம் திறந்திருந்தது. ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. அந்த நேரம் பார்த்து மரியான் போன் எடுத்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"உங்கட கூட்டாளியோட ஒருக்காக் கதையுங்கோ. பின்னால மூண்டு பேர் நெரிஞ்சு சாகிறம். முன்னுக்கு உங்கட சீற்றில அவற்ற சாப்பாட்டுப் பெட்டி ராசா மாதிரி இருக்குது."

"ஏன், புது ஆளை முன்னுக்கு ஏத்தலாமே?"

"கேட்டனாங்கள். அது ஆள் உள்ள சீற்றாம். காயம்தானே, மாறினோடன வருவாராம்."

மரியான் இன்னும் ஏதேதோ திட்டினார். எனக்குக் காதில் விழவில்லை. என் மனைவி வந்து, தோள் நோகிறதா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குதிரை இருந்த பக்கத்தை மூடினேன். சனிக்கிழமையும் திறக்கவில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. முழங்கால் முதல் ஆட்டத்திலேயே விழுந்தான். பட்ட காலிலே படும் என்பார்கள், இவனுக்குப் படாத காலிலும் பட்டது. குதிரை மச்சானுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். தேங்காய்கள் கடைசி. சொன்னபடியே எங்களை வெட்டினார்கள்.

வெட்டிய செய்தியைக் காரில் வைத்துத்தான் சொன்னேன். நான் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முன் சீற்றில்தான் இருந்தேன், சாப்பாட்டுப் பெட்டி என் காலடியில் இருந்தது. பின்னால் மூன்று பேரும் வழக்கம்போல நெரிந்து முனகிக்கொண்டிருந்தார்கள்.

"முழங்கால் வாற வருசம் எழும்பிடுவான்," என்றார் விடாக்கண்டர்.

எங்களுக்கு லீக்கே இல்லை என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. "ஓம் அண்ணை," என்றேன்.

நெட்டையன் வரவில்லை, முழங்காலும் வரப்போவதில்லை. அவர் விடாமல் வைத்திருந்த ஆட்களில் சுகப்பட்டுத் திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான்.