வேலை செய்யாத வேப்பரைசர்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, வெஸ்ட் வின்ட்சரில், அச்சில் வார்த்தது போல் ஒட்டி நிற்கும் டவுன்ஹவுஸ் வரிசையில் ஒன்றின் கராஜில் இருந்தவர்கள்:

கிட்டுசாமி, வயது ஐம்பத்து நான்கு. அவருடைய இடுப்பு, டாக்டர் கணக்கில் வயது எழுபது. எடிசன் ஊரிலிருந்து ஃபோன் ஸ்பீக்கரில் நண்பன் சேனாபதி. மடக்கு நாற்காலி மேல் ஒரு வேப்பரைசர், விலை முப்பத்தொன்பது டாலர்.

இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லாதது: புகை.

"அஞ்சு தடவை அமுக்கினேன்டா. லைட்டு எரியுது. ஒண்ணும் வரல," என்றார் கிட்டுசாமி.

"அமுக்கிட்டு இழுக்கணும் மாப்ள."

"இழுத்தேன். வெறும் காத்துதான் வருது. இதுக்குப் பேசாம ஒரு ஸ்ட்ராவை உறிஞ்சியிருக்கலாம்."

பேனாவை விடச் சற்றுத் தடித்த குழல் அது. உச்சியில் ஒரு குழி. அதில் தேன் நிறக் கஞ்சா மெழுகைக் கொஞ்சம் வைத்து, சூடாக்கி, ஆவியை இழுக்க வேண்டும். இரண்டையும் கடையில் ரசீது போட்டு வாங்கி வந்து கொடுத்தது சேனாபதி. நியூ ஜெர்சியில் இது குற்றமில்லை. கிட்டுசாமி குடியுரிமை வாங்கியும் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அரசாங்கத்திடம் அவருக்குப் பயமில்லை. மாடியில் புடவை கட்டிக்கொண்டிருந்த மனைவி மீனாக்ஷியிடம் இருந்தது.

ஐந்து மணிக்கு மகள் யாமினியைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா அம்மா முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் வீடியோ காலில் பத்து நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ள, கிட்டுசாமி ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டார். 'உங்க அப்பாவுக்கு எங்களைப் பிடிக்கலையாம்மா?' என்று பையனின் அம்மா கேட்டாளாம். யாமினி இரண்டு நாள் அழுதாள். இன்று காலை வந்து நின்றாள். "அப்பா, ஒன் அவர். ஒரே ஒரு ஒன் அவர் சோபாவுல ஒழுங்கா உக்காருங்க. இன்னொரு தடவை எழுந்து போனீங்கன்னா அவ்வளவுதான், அவங்க திரும்பி வர மாட்டாங்க."

மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. பிசியோதெரபி பொறுமையைக் கெடுத்தது. மிச்சம் இதுதான்.

"எவ்வளவு மெழுகு வச்சே?" என்றான் சேனாபதி.

"நீ சொன்ன அளவுதான். ஒரு அரிசி."

"எந்த அரிசி?"

"பாஸ்மதி."

"பாஸ்மதியா?"

"வெந்த பாஸ்மதி."

"டேய், நொய் அளவுக்கு வச்சாப் போதும்டா. எத்தனை தடவை இழுத்தே?"

"ஏழோ எட்டோ. ஒண்ணுக்கும் புகை வரல."

"மாப்ள, நிறுத்திக்கோ. இதுல பீடி மாதிரியெல்லாம் புகை தெரியாது."

"தெரியாத புகைக்கு எதுக்குடா முப்பத்தொன்பது டாலர்? ஊரை ஏமாத்தறானுங்க. நீயும் அவனுங்களுக்கு ஏஜென்ட்டு!"

ஃபோனை வைத்தார். கோபத்தில் இன்னும் மூன்று முறை இழுத்தார். குழலின் மூடி கை நழுவி, உருண்டு, காருக்கு அடியில் போனது. படுத்து, தவழ்ந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதும் வேப்பரைசரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அது ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தது. நாறியது. பயந்தால் நாற்றத்தைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற பிராணி ஃப்ரீவேயில் அடிபட்ட மாதிரி ஒரு நெடி. கிட்டுசாமி ரூம் ஸ்ப்ரேயை எடுத்து அடித்தார். இப்போது பவுடர் பூசிய ஸ்கங்க். ஆறு ஊதுபத்தியை ஒன்றாகக் கொளுத்தினார். இப்போது ஸ்கங்க்குக்குக் கும்பாபிஷேகம். கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, தமிழ்ப் பள்ளிக் காலண்டரால் விசிறினார்.

குழல் வீட்டில் இருக்கும்வரை நாற்றம் போகாது என்று முடிவு செய்தார். வீட்டுக் குப்பையில் போட முடியாது, மீனாக்ஷி கிளறிப் பார்ப்பாள். தெருக்கோடியில் பொதுக் குப்பைத்தொட்டி இருந்தது. அதுவரை நடந்தார். "ஃப்ராடுப் பசங்க," என்று சொல்லி அதை உள்ளே எறிந்தார். வழி நெடுக அந்தக் கம்பெனிக்கு எழுதவேண்டிய புகார்க் கடிதத்தை மனதுக்குள் எழுதியபடி திரும்பினார். கடிதம் மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பத்தியில், திறந்திருந்த கராஜுக்குள் நுழைந்தார். அரிசி மூட்டையைத் தாண்டி, செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, உள் கதவைத் திறந்தார்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் இடப்பக்கம் இருந்தது.

"இவளுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு சொன்னாப் போதும், வீட்டையே திருப்பிப் போட்டுடுவா," என்றார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு நாற்காலியைக்கூட அவரைக் கேட்டு நகர்த்தியதில்லை.

கூடத்துக்கு வந்தார். சோபாவில் வயதான ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு சிறுமி படம் வரைந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பெரியவர்கள் இருவரும் சட்டென்று எழுந்தார்கள்.

"வாங்க, வாங்க," என்றார் அவர்.

கிட்டுசாமிக்கு எரிந்தது. நாற்பது நிமிஷம் முன்னதாக வந்ததும் இல்லாமல், அவர் வீட்டில் அவரையே வாங்க என்கிறார்கள். ஆனால் யாமினி முகம் ஞாபகம் வந்தது.

"நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க. உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார்கள், நுனியில்.

"வாஞ்சிநாதன். இது என் சம்சாரம் நாகரத்தினம்," என்றார் அவர். வீடியோவில் பார்த்த முகமும் சரி, பையனின் அப்பா பெயரும் சரி, கிட்டுசாமிக்கு மறந்துபோயிருந்தது. இதுவாகத்தான் இருக்க வேண்டும். "இது பேத்தி, ஷ்ரேயா."

பேத்தியும் வருகிறாள் என்று யாரும் சொல்லவில்லை. மைசூர்பாகு நான்கு துண்டுதான் எடுத்து வைத்திருந்தது.

"யாமினி எங்க? உங்களை இங்க விட்டுட்டுப் போயிட்டாளா? அவளுக்குப் பொறுப்புங்கறதே கிடையாதுங்க. காபி சாப்பிடறீங்களா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று நாகரத்தினம் மறுபடி எழுந்தாள். "நான் போடறேன்."

"நீங்க உக்காருங்கம்மா. முதல் தடவை வந்திருக்கீங்க."

"அங்கிள்," என்றாள் ஷ்ரேயா.

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே," என்றாள் நாகரத்தினம்.

கிட்டுசாமி ஐந்து அலமாரிகளைத் திறந்து மூடினார். காபித்தூள் மிளகாய்ப்பொடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஃபில்டரைக் காணோம். "யாரு இதெல்லாம் இடம் மாத்தி வச்சது?" என்று கத்தினார். கூடத்தில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தாங்க," என்றாள் நாகரத்தினம் மெல்ல. "கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டுமேன்னு..."

கிட்டுசாமி கரண்டியோடு அப்படியே நின்றார். வந்து அரை மணி ஆகியிருக்காது. அதற்குள் அலமாரியை அடுக்கிவிட்டாளா? இந்த மாமியாரிடம் யாமினி எப்படிக் காலம் தள்ளுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஸ்டன்ட் காபியைக் கலக்கினார். மூவரும் குடித்தார்கள். நன்றாக இல்லை. பிரமாதம் என்றார் வாஞ்சிநாதன்.

கிட்டுசாமி சோபாவில் உட்கார்ந்தார். அசையாமல் உட்கார்ந்தார். யாமினியின் படிப்பு, வேலை, நீச்சல் கோப்பை எல்லாவற்றையும் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்," என்றார்கள் அவர்கள், ஒவ்வொன்றுக்கும். வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. என்ன மனிதர்கள்! ஒரு கேள்வி கேட்டார்களா?

கடைசியில் அவரே கேட்டார். "வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா? மனசுல எதுவும் வச்சுக்காதீங்க, சொல்லுங்க."

வாஞ்சிநாதன் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஒரு குறையும் இல்லீங்க. ரொம்ப வசதி. மேல பாத்ரூம்ல குழாய் மட்டும் கொஞ்சம் ஒழுகுது. மூணு நாளா."

பெண் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிக்காட்டுகிற சம்பந்தி! மூன்று நாளாக என்பது எப்படித் தெரிந்ததாம்? மீனாக்ஷியே ஃபோனில் புலம்பியிருப்பாள். கிட்டுசாமிக்குக் காது சுட்டது. "இப்பவே பார்த்துடறேன்," என்று எழுந்தார்.

"அய்யோ, நீங்களே எதுக்கு? ஆள் வச்சு..."

"என் வீட்டுக் குழாயைப் பார்க்க எனக்குத் தெரியாதுங்களா?"

"அங்கிள், ஆனா..." என்றாள் ஷ்ரேயா.

"ஷ்ரேயா!" என்றார்கள் தாத்தாவும் பாட்டியும்.

மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது; மீனாக்ஷி இன்னும் புடவை கட்டி முடிக்கவில்லை போல. பாத்ரூம் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாஞ்சிநாதன் தேடிக் கொடுத்த ஸ்பேனரால் திருகினார் கிட்டுசாமி. தவறான பக்கம். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது. சட்டை, பனியன், காது எல்லாம் நனைந்தது. ஆனாலும் விடவில்லை. இருபது நிமிஷத்தில் ஒழுகல் நின்றது. வாஞ்சிநாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தக் காலத்துல இப்படி யாருங்க பார்ப்பாங்க? எங்க ஊர்ல ஆறு மாசம் நடக்க விடுவாங்க."

கொஞ்சம் மரியாதை தெரிந்த மனிதர்தான் என்று கிட்டுசாமிக்கு முதன்முறையாகத் தோன்றியது.

வெளியே கார் சத்தம் கேட்டது. ஸ்பேனரைப் பிடித்தபடியே படியிறங்கினார். வாசல் கதவைத் திறந்து, வெறுங்காலோடு வெளியே போனார். யாமினியின் கார் அடுத்த வீட்டு டிரைவ்வேயில் நின்றிருந்தது. அதிலிருந்து உயரமான ஒருவரும் பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாமினி! கண்ணு தெரியலையா? அங்க எதுக்கு நிறுத்தற?"

யாமினி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்பா... நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"கேள்வி வேற கேக்கறியா? நீ சொன்ன மாதிரி சம்பந்தியை உக்கார வச்சு, காபி கொடுத்து, பேசி, குழாய்கூட ரிப்பேர் பண்ணிட்டேன். ஒரு தடவை முகம் சுளிக்கல. நீ இப்ப யாரைக் கூட்டிட்டு வந்து நிக்கற?"

பட்டுப்புடவை அம்மாள் கணவரைப் பார்த்தாள். கணவர் கிட்டுசாமியின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

முதுகுக்குப் பின்னால் ஷ்ரேயாவின் குரல் கேட்டது. இப்போது அவளை அதட்ட யாரும் பக்கத்தில் இல்லை.

"அங்கிள், தாத்தா பாட்டி ஊர்லேர்ந்து போன வாரம்தான் வந்தாங்க, நீங்க எங்க ஹவுஸ் ஓனர்னு நினைச்சுட்டாங்க. யூ லிவ் நெக்ஸ்ட் டோர்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டு திரும்பியது.