மனச்சாந்தி இல்லத்துக்கு லைசென்ஸ்

சுதந்திரம் பெற்ற தேசங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் சுதந்திரம் வந்த சூட்டோடு, யார் யாரைப் பூட்டி வைக்கலாம் என்பதற்கு முறைப்படி லைசென்ஸ் வழங்கிய பெருமை மைசூரில் எங்கள் கமிட்டியையே சாரும். 'இளைஞர் மனநல விடுதிகள் பரிசீலனைக் கமிட்டி' என்பது அதன் முழுப்பெயர். அதன் குமாஸ்தா பர்னபாஸ் என்பது அடியேன்.

தலைவர் பசவராஜ் கட்டட இலாகாவில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனநோய்க்கு எஞ்சினீயர் எதற்கு என்று சில விஷமிகள் கேட்டார்கள். மனம் எங்கே இருக்கிறது என்று எந்த டாக்டரும் தொட்டுக் காட்டியதில்லை. சுவர் எங்கே இருக்கிறது என்று எங்கள் தலைவர் தொட்டுக் காட்டுவார்.

நாங்கள் முதலில் பரிசீலித்தது அக்ரஹாரத்தில் காளியப்பன் நடத்திய 'மனச்சாந்தி இல்லம்'. அதே கட்டடத்தில் அவர் முன்பு லாட்ஜ் நடத்தினார். தங்க வந்தவர்கள் மறுநாளே போய்விடுவதுதான் அந்தத் தொழிலின் குறை. தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றி அந்தக் குறையை அவர் நிவர்த்தி செய்திருந்தார்.

"டாக்டர் உண்டா?" என்றார் தலைவர்.

"வாரா வாரம் உண்டுங்க."

"இந்த வாரம் வந்தாரா?"

"அடுத்த வாரம் வருவாருங்க."

'வாரா வாரம்' என்பதன் இலக்கணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தலைவர் ஜன்னல்களைத் தட்டிப் பார்த்தார். கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். "சென்னாகிதே! நல்ல இரும்பு" என்று கன்னடத்திலும் தமிழிலும் மகிழ்ந்தார். அந்த நல்ல இரும்புக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஹனூர்ப் பக்கத்துப் பூவாத்தாள். பதினேழு வயது இருக்கலாம்.

"இவளுக்கு என்ன வியாதி?"

"கடுமையான வியாதிங்க" என்றார் காளியப்பன். "தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போனாங்க. மணவறையிலே தாலியைப் பிடுங்கி ஆட்டுக்குட்டி கழுத்திலே கட்டிட்டா."

தலைவர் திடுக்கிட்டார். "குட்டி என்ன ஆச்சு?"

"அது சவுக்கியமா இருக்குதுங்க" என்றாள் பூவாத்தாள். "எனக்கும் ஒண்ணுமில்லீங்க. அவருக்கு எங்கப்பன் வயசுங்க. சரின்னு சொல்ற வரைக்கும் இங்கதான் கெடக்கோணும்னு உட்டுட்டுப் போயிட்டாங்க."

இல்லத்தின் நர்ஸ் ஹில்டா முன்னால் வந்தாள். "சார், வந்த நாள்ல இருந்து நான் பாக்குறேன். இந்தப் பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்ல. லைசென்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இவளை அனுப்பச் சொல்லுங்க."

தலைவர் நியாயஸ்தர். சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிட்டார். "ஏனம்மா, நீ பைத்தியமா?"

"இல்லீங்க."

"பர்னபாஸ், எழுதும். 'நோயாளி தன் நோயை உணரவில்லை.'"

"ஆமான்னு சொல்லியிருந்தா?" என்றாள் ஹில்டா.

"'நோயாளியே ஒப்புக்கொண்டார்.'"

"அப்ப என்னதான் சொன்னா சார் வெளியே விடுவீங்க?"

"உள்ளே வைக்கிறதுக்குத்தான் விதி வந்திருக்கு. வெளியே விடறதுக்கு இன்னும் அச்சாகலை" என்றார் தலைவர். "நல்லாயிருக்கிறவங்களை எல்லாம் அனுப்பிட்டா இங்கே யாரு மிஞ்சுவாங்க? ஆளில்லாத விடுதிக்கு நான் லைசென்ஸ் கொடுக்க முடியுமா?"

பூவாத்தாள் கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஹில்டாவின் முகம்தான் சிவந்திருந்தது.

பரிசீலனையின் உச்சகட்டம் காம்பவுண்டுச் சுவர். அதை வெளிப்புறமாகச் சுற்றி அளக்கவேண்டும் என்பது தலைவரின் கொள்கை. நூல் உருண்டையை வாசலில் என் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டார்.

ஹில்டா ஒரு கணம் யோசித்தாள். "பூவாத்தாளை விடுங்க சார். கூடவே நான் போறேன்."

காளியப்பன் தயங்கினார். தலைவர் அதட்டினார்: "ஏன்யா, அளக்கக் கூடாதா? சுவரிலே ஏதாவது மோசடியா?"

காளியப்பன் கேட்டைத் தானே திறந்துவிட்டார்.

பூவாத்தாள் நூல்முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவரோரம் திரும்பும்போது ஹில்டா அவள் கையைப் பிடிப்பதை நான் பார்த்தேன். உருண்டை என் கையில் சுழன்றது. முதலில் மெதுவாக. பிறகு நிரம்ப வேகமாக.

"முடிஞ்சுதா?" என்றார் தலைவர்.

"இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள் சார்."

"அப்பப்பா, பெரிய காம்பவுண்டு!" என்று வியந்து, காளியப்பனைத் தட்டிக்கொடுத்தார். காளியப்பன் எட்டிப் பார்க்கப் போனார். கமிட்டி அளக்கும்போது குறுக்கே வரக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். குமாஸ்தாவுக்கும் சில அதிகாரங்கள் உண்டு.

நூல் தொய்ந்த நேரத்தில் இருவரும் நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். ஹில்டாவின் அக்காள் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பூவாத்தாள் இன்று அதே ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறாள். அவளைத் தேடிப் போன அப்பாவிடம், "கண்ணாலம்னா போயிருங்க. காய்ச்சல்னா உக்காருங்க" என்றாளாம்.

காளியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். தலைவர்தான் தேற்றினார். "நோயாளி தன் காலாலேயே நடந்து போயிருக்காளே! சிகிச்சை பலிச்சிருக்கு அல்லவா?" அறிக்கையில் அப்படியே எழுதினோம். சுவரை மட்டும் இன்னும் இரண்டு முழம் உயர்த்தச் சொல்லி, லைசென்ஸ் வழங்கினோம்.

இல்லம் இப்போது நிரம்பி வழிகிறது. அப்பாவின் கடையில் உட்கார மறுத்த பையன், மேலே படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெண், வேறு சாதியில் மனம் வைத்தவர்கள் என்று பலரும் அங்கே 'சாந்தி' பெறுகிறார்கள். அங்கே யாருமே குணமாகவில்லை என்று சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். முன்பெல்லாம் பெற்ற பிள்ளையைப் பூட்டி வைக்க அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. சர்க்கார் முத்திரையைப் பார்த்ததும் அது அடியோடு குணமாகிவிட்டது.