இடைவேளைக்குள் ஒரு காடு

"இருபது நிமிஷத்துல ஒரு காட்டைச் சொல்லி முடிக்க முடியாதும்மா," என்றார் விஞ்ஞானி அம்மாள்.

"மரத்துக்கு ஒரு நிமிஷம்னு வச்சுக்கிட்டாலும் இருபது மரம் வருதே டாக்டர்! போதாதா?"

சொல்லும்போதே பரபரப்பின் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. பரபரப்பு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. நூலகத்தின் மாடியறைப் படக்கருவியும் கீழே இருக்கும் அரங்கமும் அவள் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அலுவலகமே கூடி வைத்த பெயர் அது.

இன்று பரபரக்க நியாயமான காரணமும் இருந்தது. போன மாதம் பாறைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். வந்தது எட்டுப் பேர். மூன்று பேர் தூங்கினார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

"அடுத்த பேச்சு முடியும்போது நானே உட்கார்ந்து தலையை எண்ணுவேன்," என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. "அறுபது தலை இல்லேன்னா இந்த ஹால் பழைய கோப்பு போடுற கிடங்கு. நீங்க அதுக்குக் காவல்."

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பரபரப்பு ஒரு வழி கண்டுபிடித்தாள். காட்டுக்குள் கொலை நடக்கிற ஒரு படம். இடைவேளை வரை படம், அப்புறம் காட்டைப் பற்றிய பேச்சு, அது முடிந்தால்தான் மீதிப் படம். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டுமானால் காட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும்!

கூட்டம் வந்தது. எழுபது மடக்கு நாற்காலியும் நிரம்பிவிட்டது. கடைசி வரிசையில் மேலதிகாரி, மடியில் குறிப்பேட்டோடு. படத்தில் இரண்டாவது பிணம் விழுந்ததும் விளக்குகள் எரிந்தன. விஞ்ஞானி மேடை ஏறினார்.

பரபரப்பு மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டரின் அறைக்கு ஓடினாள். அங்கிருந்து ஒரு சதுரக் கண்ணாடி வழியாக மொத்த அரங்கமும் தெரியும். ஆனால் இயந்திரத்தின் விசிறி போடும் இரைச்சலில் கீழே பேசுவது ஒரு வார்த்தைகூடக் கேட்காது.

ஐந்தாவது நிமிடம், முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். பிறகு நான்கு கைகள். பிறகு ஒருவர் எழுந்தே நின்றார்.

"போச்சு! ஆரம்பிச்சுட்டாங்க அண்ணே!"

"என்னத்தை?" என்றார் ஆபரேட்டர்.

"கலாட்டாவைத்தான். படத்தைப் போடச் சொல்லிக் கத்துறாங்க, பாருங்க அந்த வாயை!"

அவசரமாக ஒரு சீட்டு எழுதினாள்: 'சீக்கிரம் முடியுங்கள். கூட்டம் கொதிக்கிறது.' அரங்கத்தைப் பெருக்கும் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். அந்த அம்மா இரண்டு நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"குடுத்துட்டேன் கண்ணு. ஆனா அங்க என்னன்னா..."

"கதை பேச நேரமில்லம்மா, நகருங்க!"

கீழே விஞ்ஞானி சீட்டைப் படித்தார். சிரித்தார். கூட்டத்துக்கும் படித்துக் காட்டினார் போலிருக்கிறது. எழுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

"மைக்கை நிறுத்துங்க அண்ணே! குரல் கேட்கலேன்னா டாக்டரே இறங்கிடுவாங்க!"

ஆபரேட்டர் மைக்கை நிறுத்தினார். விஞ்ஞானி இறங்கவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். கூட்டம்தான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையைப் பார்த்து நகர்ந்தது. ஒருவர் பைக்குள் கைவிட்டு நீளமாக எதையோ உருவினார்.

"ஐயோ, கட்டை! அந்த ஆளு கட்டையோட வந்திருக்கான்!"

"படம் பார்க்க யாராவது கட்டை எடுத்துட்டு வருவாங்களா?"

"முதல் பாதியைப் பார்த்துக் கெட்டுப்போயிருப்பான் அண்ணே! விளக்கை அணைங்க, படத்தை ஓட்டுங்க!"

இருள் சூழ்ந்தது. மூன்றாவது பிணத்துக்கான இசை காதைக் கிழித்தது. பரபரப்பு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, இருட்டில் தலைகளுக்கு நடுவே புகுந்து, விஞ்ஞானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாகப் பின்முற்றத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் அவரை உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க டாக்டர். தப்பிச்சாச்சு."

"யார்கிட்டேருந்தும்மா? நான் இன்னும் வேருக்கே வரலையே!"

"வேர் எங்கயும் போகாது டாக்டர். உயிர் முக்கியம். இங்கேயே இருங்க, வண்டி பிடிச்சுட்டு வரேன்."

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். முதல் வண்டி நிற்கவில்லை. இரண்டாவது வண்டிக்காரர் சாமான் எவ்வளவு என்று கேட்டார். "ஒரே ஒரு விஞ்ஞானிதான்," என்றாள். மூன்றாவது வண்டியை ஒரு வழியாக வாசலில் நிறுத்தி வைத்தாள். அதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிட்டது. இந்நேரம் கூட்டம் அமைதியாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கும். மேலதிகாரியின் காலில் விழுந்தாவது, பேச்சு நடந்த வரைக்கும் எழுபது தலை இருந்ததே என்று சொல்லிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே முன்கதவைத் தள்ளினாள்.

திரையில் கொலைகாரன் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க அரங்கத்தில் ஓர் ஈ காக்கைகூட இல்லை.

எழுபது பேரும் இல்லை. நாற்காலிகளில் பாதிகூட இல்லை. கடைசி வரிசையில் மேலதிகாரி இருந்த இடத்தில் வெறும் தரை.

அவளுக்குக் கோப்புக் கிடங்கின் தூசி இப்போதே மூக்கில் ஏறியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கண்ணில் பட்ட ஒரு நாற்காலியில் பரபரப்பு பொத்தென்று உட்கார்ந்தாள்.

தோளை யாரோ தட்டினார்கள். பெருக்கும் அம்மா, இரண்டு கக்கத்திலும் மடக்கிய நாற்காலிகளோடு நின்றிருந்தார்.

"கொஞ்சம் எழுந்திரு கண்ணு, இதுவும் வேணும். மரத்து அம்மா மிச்சப் பேச்சைப் பின்முற்றத்துல ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தர் பையில கொண்டாந்த பட்டுப்போன கிளையைக் காட்டி வைத்தியம் கேக்குறாரு, உங்க மேலதிகாரியே தன் வீட்டுச் செடியைப் பத்திக் கேள்வி கேட்கக் கையைத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்காரு!"