தொட்டிலில் கட்டிய முலாம்பழம்

பிஷ்கேக்,
செவ்வாய் பிற்பகல்.

மரியாதைக்குரிய புருல்சா அக்காவுக்குத் தம்பி குபாத் தலைதாழ்த்தி எழுதுவது. கோச்கோரில் ஆடும் மாடும் ஆட்களும் சுகந்தானே? மலையில் பனி இறங்கிவிட்டதா? இங்கே நானும் மகள் மீரிமும் சுகம்.

முதலில் ஒன்று. மீரிமுக்குக் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழ்வீட்டுத் துர்சுனாய் நேற்று அழுகைச் சத்தம் கேட்டு, நல்ல செய்திக்கென்று ஒரு தட்டு போர்சோக் மாவுத்துண்டு பொரித்துக்கொண்டு வந்து, "பேரனா, பேத்தியா? கல்யாணத்துக்குத்தான் கூப்பிடல, இதையாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். "அது கம்ப்யூட்டர் விளையாட்டும்மா" என்றேன். "ஆமா, எல்லாம் விளையாட்டாத்தான் ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடந்தது இதுதான். உங்கள் மகள் அய்ஜானின் பிரசவத்துக்காக நான் பத்திரமாக வைத்திருந்த நம் குடும்பத் தொட்டிலை மீரிம் தன் கல்லூரி ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டாள். கேட்டால், "அப்பா, இனிமே இது தொட்டில் இல்ல, கன்ட்ரோலர்" என்கிறாள். உள்ளே சாய்வை அறியும் ஒரு சில்லு, பக்கப்பலகையில் மைக், அடியில் ஸ்பீக்கர் பெட்டி. குழந்தையாக நீங்களும் நானும் ஒன்றுக்குப் போன அந்த அடிப்பலகை ஓட்டை வழியாகத்தான் ஒயரை இழுத்திருக்கிறாள். திரையில் ஒரு குழந்தை அழும். சீராக ஆட்டினால் அடங்கும், முரட்டுத்தனமாக ஆட்டினால் தோற்றுப்போவோம். எல்லாம் சரி, காலித் தொட்டிலை ஆட்டலாமா? ஆகாதது ஏதாவது வந்து படுத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்களே. ஒரு முலாம்பழத்தை வைத்து, துணி சுற்றி, பட்டை போட்டுக் கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் திரையை அணைத்தாலும் தொட்டில் அழ ஆரம்பித்தது. "ஒயர் லூசா இருக்கும்ப்பா" என்று மீரிம் மூன்று முறை பற்றவைத்தாள். மைக்கில் பதிவானதைப் போட்டுக் காட்டினாள். யாரோ மூச்சு விடுகிறார்கள். "அது நீங்க விடுற மூச்சு" என்றாள். சத்தியமாக அப்போது நான் கடையில் இருந்தேன். நேற்றுப் பட்டையை அவிழ்த்தால் பழம் வெதுவெதுவென்று இருந்தது. பயந்துபோய் அதை வெட்டித் தின்றுவிட்டோம். நல்ல இனிப்பு.

இன்று மீரிம் கல்லூரிக்குப் போன கையோடு மறுபடி அழுகை. வழக்கப்படி தொட்டில்மேல் போட்டிருக்கும் ஏழு போர்வைக்குள் எந்த ஒயர் எங்கே என்று எனக்கு எங்கே தெரியும்? குனிந்து பார்க்க முதுகும் விடாது. காலித் தொட்டில்தான், தெரியும். ஆனால் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை அக்கா. இதை எழுதும்போதே இடது காலால் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆட்டினால் அடங்குகிறது. பொருள் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையை வண்டியோடு அனுப்புங்கள். ஒயரையெல்லாம் பிடுங்கி, துடைத்துக் கொடுத்துவிடுகிறேன். நம் அப்பாவும் வளர்ந்த தொட்டில். அய்ஜானின் பிள்ளையும் அதில் தூங்கி எழுந்து தலை நரைக்கும்வரை வாழட்டும். கைகளை முகத்தில் தடவி ஆமீன் சொல்லி முடிக்கிறேன்.

தம்பி குபாத்

பி.கு.: மீரிம் இப்போதுதான் வந்தாள். ஸ்பீக்கர் பெட்டி, சில்லு, மைக் எல்லாம் அவள் பையில் இருக்கின்றன. ஆசிரியரிடம் காட்டக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போனாளாம். "காலித் தொட்டில ஏன்ப்பா ஆட்டுறீங்க?" என்றாள். நான் காலை எடுத்தேன். அழுகை அவளுக்கும் கேட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மேல்கட்டையைப் பிடித்து மெதுவாக ஆட்ட ஆரம்பித்தாள். அக்கா, மாப்பிள்ளையை அனுப்பாதீர்கள். அய்ஜானின் பிள்ளைக்கு வேறு தொட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். இது காலியாக இல்லை.