மூன்று முக இளவரசனும் பீப் சத்தம் போட்ட யாளியும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் குருமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் தங்கை ராஜலட்சுமியின் கணவன் பூபதி எழுதிக்கொள்வது. ஊத்தங்கரையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும். ராஜியும் அங்கே சுகமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம். படித்ததும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜி ‘பனிக்கோட்டை யாளி’ என்று ஒரு மாயாஜாலக் கதையைக் கைப்பேசியிலேயே தட்டித் தட்டி இரண்டு பாகம் எழுதியது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு எனக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். இரண்டாம் பாகத்தின் முடிவில் இளவரசனைப் பறக்கும் யாளி பனிக்கோட்டைக்குள் அடைத்துவிட்டுப் போய்விடுகிறது. அவன் எப்படி வெளியே வருவான் என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். “கொஞ்சம் பொறுங்க, எனக்கே தெரியல” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பிரதாப் வந்தான். உங்கள் பேத்தி காதுகுத்துக்கு வீடியோ எடுத்தானே, காதைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தானே, அவனேதான். “அக்கா, இத நான் சினிமாவா எடுக்கறேன்” என்றான். ராஜி அன்றைக்கு அவனுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

இளவரசனாக நடிக்க சுபாஷைப் பிடித்தான். நல்ல உயரம், நல்ல முடி. ஆனால் சுபாஷ் கம்பெனியில் வேலை செய்கிறவன், முதல் வாரம் பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து நடித்தான், அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிரதாப் படப்பிடிப்பை நிறுத்துவானா? அந்த வாரம் யாருக்கு ஷிஃப்ட் ஒத்துவந்ததோ அந்த வெஸ்லினுக்கு அதே கிரீடத்தை வைத்தான். வெஸ்லின் குட்டை. அதற்கடுத்த வாரம் வெங்கடசாமி, அவருக்கு வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், தமிழில் வணக்கம் மட்டும் சுத்தமாகச் சொல்வார். நான் பிரதாப்பிடம், “என்னப்பா, ஒரே ஆளு மூணு மூஞ்சில வர்றானே, ஜனங்களுக்குப் புரியுமா?” என்று கேட்டேன். “மாமா, ஓசூர்ல யாருக்கு ஷிஃப்ட் புரியாது?” என்றான். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது, இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது.

யாளிக்கு கிராஃபிக்ஸ் செய்ய வசதி இல்லை என்று கம்பெனியில் சரக்குத் தூக்குகிற ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பிடித்து, தெர்மகோலில் யாளி முகம் செய்து முன்னால் கட்டினான். பார்க்க அவ்வளவு மோசமில்லை. முன்னால் வந்தால் யாளிதான். பின்னால் போனால்தான் பீப் பீப் என்று ரிவர்ஸ் சத்தம் போட்டது. அதை எடுத்துவிடலாமே என்றதற்கு, “அது யாளியோட நெஞ்சுத் துடிப்பு மாமா” என்கிறான். பனிக்கோட்டை வேண்டுமென்று தளியில் ரோஜா வளர்க்கிற மாரம்மாவின் பிளாஸ்டிக் கூரை போட்ட பூக்குடிலுக்குப் போனோம். உள்ளே தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டால் புகை புகையாக அருமையாகத்தான் இருந்தது. ஆனால் மாரம்மா வெளியே போகவில்லை. இளவரசன் அழுகிற காட்சியில் பின்னால் கூடையோடு ரோஜா பறித்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் கன்னடத்தில், “நம்ம கெலஸ நாவு மாடபேக்கல்லப்பா” என்கிறார். அவர் வேலையை அவர் செய்யத்தானே வேண்டும், அதற்கு யார் என்ன சொல்ல முடியும்?

போர்க்களம் அதைவிடக் குழப்பம். கதையில் படை ஜெயிக்கிறது. பிரதாப் அவ்வளவு பேருக்கு எங்கே போவான், ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடை மாடியில் நின்று கம்பெனி கேட்டைப் படம் பிடித்துவிட்டான். படத்தில் நம் வீரர்கள் எல்லாரும் கழுத்தில் அடையாள அட்டையோடு, கையில் டிபன் பையோடு, எதிரியைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்து ஓடுகிறார்கள். ராஜாவாக நடிக்க வேண்டியவர் நல்லுசாமி. அன்றைக்கு அவருக்கு ஓவர்டைம் கிடைத்துவிட்டது, அரியணையாவது மண்ணாங்கட்டியாவது என்று போய்விட்டார். ஷிஃப்ட் இல்லாத ஒரே ஆள் நான். அதனால் நான்தான் ராஜா. படம் முழுக்க ஒரே முகத்தோடு வருகிற ஆள் நான் மட்டும்தான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை மச்சான், நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு மண்டபத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். ராஜி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். முதல் இளவரசன் வந்தான், நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது இளவரசன் வந்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். யாளி பின்னால் போனபோது மண்டபத்தில் இருந்த கம்பெனி ஆட்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் காலை இழுத்துக்கொண்டார்கள். வெங்கடசாமி வந்ததும், கதையை ஆரம்பத்திலிருந்து கேட்ட எனக்கே பிடி விட்டுப்போய், அவள் காதோரம், “இவங்க மூணு பேரும் அண்ணன் தம்பிங்களா ராஜி?” என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கு இன்னும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும், “இனிமே எழுத மாட்டேங்க” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு, “சாம்பார் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். இது என்ன கோபம்? கோபமாக இருந்தால் சாம்பார் எதற்கு? கோபம் இல்லையென்றால் போன் ஏன் அணைந்தே கிடக்கிறது? சாம்பார் தீர்ந்துபோய்விட்டது, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். அவள் இல்லாத வீடு நன்றாக இல்லை. வெங்காயம் உரித்தால் வெறுமனே வெங்காயம் உரிக்கிற மாதிரி இருக்கிறது. யாரோ படத்தைக் கெடுத்தால் அவள் ஏன் கதையை விட வேண்டும்? அந்தப் பையன் பனிக்கோட்டைக்குள் கிடந்து என்ன ஆவான்? நீங்கள் மூத்தவர். அவள் வேறு யார் சொல்லிக் கேட்காவிட்டாலும் நீங்கள் சொன்னால் கேட்பாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படியாவது மூன்றாம் பாகத்தை எழுதச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். யாளி, கிரீடம், ஃபோர்க்லிஃப்ட் இந்தப் பேச்சு மட்டும் வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எல்லாரும் நன்றாகப் படிக்கட்டும், ஷிஃப்ட் இல்லாத வேலைக்குப் போகட்டும். தெய்வம் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மைத்துனன்,
பூபதி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ராஜியே போன் செய்துவிட்டாள். இப்போது கோபமே இல்லையாம். “பஸ்ஸு சூளகிரி தாண்டறப்ப தோணுச்சுங்க. யாளி சாபத்தால இளவரசனுக்கு மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கு, அதனாலதான் காவக்காரனுக்கு அடையாளம் தெரியாம வெளிய வந்துடறான்! பிரதாப்புக்கு நான் கோயிலே கட்டணும்” என்கிறாள். போனை அணைத்துவிட்டு ராத்திரி பகலாக எழுதுகிறாளாம், வீட்டுக்குத் திரும்பினால் நான் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நச்சரிப்பேனாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “ராஜாவா? அவரு நாளைக்கு எழுதப்போற அத்தியாயத்துல செத்துடுவாருங்க. மொதல்ல கடைசி வரைக்கும் வெச்சிருக்கலாம்னுதான் நெனச்சேன், நீங்க நடிச்சதைப் பாத்தப்புறம் மனசு மாறிடுச்சு” என்றாள். அடுத்த படத்திலும் நான்தான் ராஜா என்று பிரதாப் வாக்குக் கொடுத்திருக்கிறான் மச்சான், நான் தாடிகூட வளர்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, எப்படியாவது அவளை எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.